சாட்டு: பூச்சாட்டும் குற்றச்சாட்டும் – கொங்கு வழக்கை முன்வைத்து ஒரு சொல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இடைக்கால ஆங்கில நீதிமன்றங்களில் முறைப்படியான குற்றச்சாட்டைக் குறித்த 'சர்மைஸ்' என்னும் சொல் இன்று வெறும் ஊகத்தைக் குறிக்கிறது. அச்சொல்லின் உட்பொருள் 'மேலே இடுதல்' என்பதாகும். தமிழில் 'சாட்டு' என்னும் சொல்லும் இதே உட்பொருளில் எழுந்தது என்பதைக் கொங்கு நாட்டின் 'பூச்சாட்டு' வழக்கின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. நீதிமன்றத் தமிழில் புகார், சாட்டு, ஊகம் ஆகியவை ஒன்றோடொன்று மயங்குவதால் நேரும் பொருட்சிதைவும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சாட்டு, சாற்று, பிராது, புகார், குற்றச்சாட்டு, பூச்சாட்டு, கொங்குத் தமிழ், சட்டத்தமிழ்.

பூச்சாட்டு

மாசி மாதத்தில் கோவை கோனியம்மன் கோயில் தேர்த்திருவிழா பூச்சாட்டுடன் தொடங்குகிறது. ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலிலும் சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியிலும் பங்குனி விழாக்களுக்கு அதுவே முதல் நிகழ்ச்சி. தெய்வத்துக்குப் பூவை இட்டு, விழா நடைபெறும் என்பதை ஊரறியச் செய்வதே பூச்சாட்டு. சிற்றூர்களில் இதனையே 'நோம்பி சாட்டுதல்' என்பர். நோன்பு என்னும் சொல் கொங்கு வழக்கில் 'நோம்பி' எனத் திரிந்து விழாவைக் குறிப்பது அனைவரும் அறிந்ததே.

'நோம்பி சாட்டியாச்சுங்க' என்னும் தொடரைச் செய்தி அறிவிப்பாக மட்டும் கொள்வது பொருந்தாது. சாட்டிய நாள் முதல் ஊர் ஒரு கட்டுக்குள் வருகிறது. திருமணம் முதலிய நற்செயல்கள் தள்ளிவைக்கப்படுகின்றன. ஊரார் வெளியூர் சென்று இரவு தங்குவதைத் தவிர்க்கின்றனர். முக்கிளைக் கம்பம் நடப்பட்டு, அதற்கு நாள்தோறும் நீர் ஊற்றப்படுகிறது. விழா முடிந்து கம்பம் பிடுங்கப்படும்வரை இக்கட்டு நீங்குவதில்லை. ஆகவே ஊர்மேல் ஒரு பொறுப்பு ஏற்றப்படுகிறது என்பதே இங்குச் சாட்டுதலின் பொருள்.

இதே வினையே 'குற்றஞ்சாட்டுதல்' என்பதிலும் உள்ளது. வழிபாட்டுக்கும் வழக்குமன்றத்துக்கும் ஒரு வினை பொதுவாக அமைந்தது தற்செயலா, உறவா என்னும் வினாவுக்கு விடை காண அயல்மொழிச் சொல்லொன்றின் வரலாறு துணைசெய்கிறது.

சர்மைஸ் என்னும் சொல்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி படிப்படியாக வேரூன்றியது. பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. மன்றத்தில் வாதம் பிரெஞ்சில் நிகழ்ந்தது. கட்சிக்காரர்களோ வீட்டில் ஆங்கிலம் பேசினர். நாட்டு மக்களுக்கு அம்மொழி விளங்காமையால் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடவேண்டும் என 1362-இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் பதிவுகள் இலத்தீனிலேயே தொடர்ந்தன. நீதிமன்றப் பதிவுகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1731-இல் நிறைவேறி 1733-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மொழி மாறிய பின்னரும் சொற்கள் மாறவில்லை. இன்றைய ஆங்கிலச் சட்டச்சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சுவழி வந்தவையாக இருப்பதன் காரணம் இதுவே.

அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று சர்மைஸ். பழம் பிரெஞ்சில் 'சுர்' என்பது 'மேல்'. 'மெத்ர்' என்பது 'இடு, வை'. இரண்டும் சேர்ந்த 'சுர்மெத்ர்' என்னும் வினை 'ஒருவர்மேல் இடுதல்', அதாவது 'குற்றம் ஏற்றுதல்' எனப் பொருள்பட்டது. அவ்வினையின் எச்சவடிவம் பெயராகி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறைப்படி முன்வைக்கப்படும் சட்டக் குற்றச்சாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்று. அக்காலத்தில் அதில் ஐயத்தின் சாயல் கிடையாது. ஒருவர் மன்றத்தில் நின்று மற்றொருவர்மேல் பழியை ஏற்றினார் என்ற அளவே அதன் பொருள்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நிலை மாறிவிட்டது. மெய்ப்பிக்கப்படாத சாட்டுகள் பெருகப் பெருக, சாட்டு என்றாலே சான்றற்றது என்னும் எண்ணம் சொல்மேல் படிந்தது. போதிய ஆதாரமின்றி உள்ளத்தில் தோன்றும் எண்ணமே அதன் முதன்மைப் பொருளாயிற்று. ஷேக்ஸ்பியர் 'மேக்பெத்' நாடகத்தில் இச்சொல்லை மனத்தின் கற்பிதம் என்னும் பொருளில் ஆள்கிறார். இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளிலும் ஒரு தரப்பின் கூற்றையோ கீழமை மன்றத்தின் முடிவையோ தள்ளுபடி செய்யும் இடங்களில்தான் இச்சொல் பெரிதும் தலைகாட்டுகிறது. ஒரு காலத்தில் குற்றம் சாட்டப் பயன்பட்ட சொல், இன்று அச்சாட்டைத் தள்ளப் பயன்படுகிறது.

தமிழிலும் இதற்கு இணையான தேய்வு உண்டு. ஈழத்துத் தமிழில் 'சாட்டு' என்பது போலிக்காரணத்தைக் குறிக்கும்; 'சாட்டுச் சொல்லுதல்' என்றால் தன் பொறுப்பை வேறொன்றின்மேல் ஏற்றித் தப்புதல். காய்ச்சலைச் சாட்டிப் பள்ளிக்கு வராத மாணவனின் செயலும் 'மேல் இடுதல்'தான்; இடப்படும் பொருள்தான் மெலிந்துவிட்டது.

சாட்டா, சாற்றா?

பூச்சாட்டு என்பதிலுள்ள 'சாட்டு' உண்மையில் 'சாற்று' என்பதன் திரிபு என்று கொள்வாரும் உளர். பறை சாற்றுதல், முரசு சாற்றுதல் ஆகிய தொடர்களில் சாற்றுதல் என்பது அறிவித்தலாக இருத்தலின் இக்கருத்து எளிதில் ஏற்கத்தக்கதாகத் தோன்றும். அச்சிட்ட விழா அழைப்பிதழ்கள் சிலவற்றில் 'பூச்சாற்று' என்னும் வடிவமும் காணப்படுகிறது.

ஆனால் கொங்குத் தமிழின் ஒலியியல் இதற்கு இடந்தருவதில்லை. கொங்குப் பேச்சில் றகர இரட்டிப்பு தகர இரட்டிப்பாகவே திரியும். நேற்று 'நேத்து' ஆகும். காற்று 'காத்து' ஆகும். சோற்றுக்கு என்பது 'சோத்துக்கு' ஆகும். அவ்வாறாயின் 'சாற்று' என்பது 'சாத்து' என்றே திரிந்திருத்தல் வேண்டும். 'சாத்து' என்னும் சொல்லோ அதே கோயிலில் வேறொரு பொருளில் வழங்குகிறது. அம்மனுக்கு மாலை சாத்துகின்றனர், பட்டுச் சாத்துகின்றனர். மாலை சாத்துவதும் பூச்சாட்டுவதும் ஒரே கருவறை முன்னர், ஒரே பூசகரால், ஒரு நாளிலேயே நிகழக்கூடியவை. இருந்தும் பேசுவோர் நாவில் இவ்விரண்டும் மயங்குவதில்லை. தகரமும் டகரமும் இங்குப் பொருளை வேறுபடுத்தும் ஒலியன்களாக நின்று காவல் புரிகின்றன. எனவே 'பூச்சாற்று' என்பது பேச்சுவடிவத்தைத் திருத்த முனைந்த எழுத்தறிஞரின் மிகைத்திருத்தம் எனக் கொள்வதே பொருத்தம்.

அறிவித்தல் என்னும் பொருள் பூச்சாட்டில் இல்லை என்பது இதன் கருத்தன்று. ஏற்றப்பட்ட பொறுப்பு ஊருக்குத் தெரியாவிடில் அது ஊரைக் கட்டாது. குற்றச்சாட்டும் அத்தகையதே. தனியறையில் காதோடு காதாகச் சொல்லப்படுவது கோள். மன்றத்தில் எதிராளி கேட்கச் சொல்லப்படுவதே சாட்டு. ஏற்றுதலும் அறிவித்தலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதால்தான் சாட்டும் சாற்றும் நெருங்கிய பொருட்பரப்பில் உலவுகின்றன.

'சாட்சி' என்னும் சொல்லை இவற்றோடு இணைத்துப் பார்ப்பது தவறு. அது வடமொழிச் சொல். கண்ணாற் கண்டவர் என்னும் அடிப்பொருளுடையது.

ஓலமும் சுமையும்

வழக்குத் தொடுப்பதைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து நோக்கினால் அவற்றின் பின்னே இரு பெரும் படிமங்கள் தெரிகின்றன. ஒன்று ஓலம்; மற்றொன்று சுமை.

கொங்கு நாட்டு முதியோர் பேச்சில் இன்றும் வழங்கும் 'பிராது' என்னும் சொல், 'பிரியாத்' என்னும் உருதுவடிவின் வழியாகப் பாரசீகத்திலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் 'உதவி வேண்டி எழுப்பும் குரல்'. காவல்நிலையத்தில் அன்றாடம் ஒலிக்கும் 'புகார்' என்பதோ அழைத்தல், கூவுதல் எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல். கண்ணகி பிறந்த நகரத்தின் பெயரும் புகார் என்றிருப்பது வெறும் ஒலி ஒப்புமை. அப்பெயர் ஆறு கடலிற் புகும் இடத்தைச் சுட்டுவது. தமிழின் 'முறையிடுதல்' என்பதும் நீதி வேண்டிக் குரலெழுப்புதலே. ஆங்கில உரிமையியல் வழக்கின் முதல் ஆவணத்துக்குரிய 'பிளெய்ன்ட்' என்னும் சொல், மார்பில் அறைந்துகொண்டு அழுதலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது. முத்திரைத்தாளும் எண்ணும் பெற்று இன்று உலர்ந்து கிடக்கும் ஆவணங்களின் பெயர்களில் இத்தனை அழுகுரல் பொதிந்துள்ளமை வியப்பிற்குரியது.

சுமைப் படிமம் இதனின் வேறு. 'பழி சுமத்துதல்' என்பதில் சுமை வெளிப்படையாகவே உள்ளது. ஆங்கிலத்தில் குற்றச்சாட்டைக் குறிக்கும் 'சார்ஜ்' என்பதும் வண்டியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பதே அதன் முதற்பொருள். சாட்டும் சர்மைஸும் இக்குடும்பத்தன. ஓலச்சொற்கள் பாதிக்கப்பட்டவரின் நிலையிலிருந்து பிறந்தவை. சுமைச்சொற்களோ யார்மேல் ஏற்றப்படுகிறதோ அவரை நோக்கியவை. ஒரு வழக்கு ஓலமாகத் தொடங்கிச் சுமையாக மாறும் இடமே சட்டத்தில் முதன்மையானது.

மூன்றாவதாகத் 'தொடர்தல்' என்னும் படிமமும் உண்டு. வழக்குத் தொடர்தல் என்பதற்கு நேராக ஆங்கிலத்தில் வழங்கும் 'சூ' என்னும் வினை, பின்தொடர்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. இங்கு இது விரிக்கப்படவில்லை.

பிராது, தாவா, வாய்தா, ஜாமீன், வக்காலத்து முதலிய சொற்கள் கொங்கு நாட்டில் நிலைபெற்றமைக்கு அரசியல் வரலாறும் காரணம். 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழும்வரை கோயம்புத்தூர்ப் பகுதி ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியின் நிர்வாகச் சொற்கள் பாரசீகச் சார்புடையவை. பின்வந்த கம்பெனியார் ஆட்சியாளரை மாற்றினரே தவிர இச்சொற்களை மாற்றவில்லை. 1816-இல் தாமஸ் மன்றோ, கோயம்புத்தூர் மாவட்டக் கருவூல அலுவலர் காசிச் செட்டி மீதெழுந்த முறைகேட்டுப் புகார்களை விசாரித்தார். குடிகளின் ஓலம் ஆட்சியதிகாரத்தின் விசாரணையாக மாறிய தொடக்கக் கால நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று. அதே ஆண்டில்தான் கிராம முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் சிறு வழக்குகளைக் கேட்கும் அதிகாரம் அளிக்கும் ஒழுங்குவிதிகள் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டன. அவ்விதிகளின் கீழ் ஊர்ச்சாவடியில் கேட்கப்பட்டது பிராது; கேட்டவர் முன்சீப்பு; கெடு வாய்தா. நார்மானியப் பிரெஞ்சு இங்கிலாந்தில் செய்ததைப் பாரசீகம் கொங்கில் செய்தது எனலாம்.

வெண்ணெய்நல்லூரும் கோவையும்

'வழக்கு' என்னும் சொல் தொல்காப்பியத்தில் உலகோர் பேச்சு மரபைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தில் 'வழக்குரை காதை' என்னும் பெயரிலேயே அது மன்றத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அக்காப்பியத்தில் இரு சாட்டுகள் எதிரெதிர் நிற்கின்றன. பொற்கொல்லன் கோவலன்மேல் ஏற்றிய பழி ஆராயப்படவில்லை. அது சர்மைஸின் பிற்காலப் பொருளில் வெறும் ஊகம். கண்ணகி மன்னன்மேல் ஏற்றியதோ சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைக் காட்டி மெய்ப்பிக்கப்பட்ட சாட்டு. முன்னது ஓர் உயிரைப் பறித்தது. பின்னது ஓர் அரசை வீழ்த்தியது. கொங்கு நாட்டு இளங்கோசர் தம் நாட்டில் அக்கண்ணகிக்கு விழாவெடுத்தனர் என அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. அவ்விழா எவ்வாறு சாட்டப்பட்டது என்பதற்குச் சான்றில்லை. ஆதலின் இன்றைய பூச்சாட்டை அதனோடு நேரே பிணைப்பது முறையாகாது.

சாட்டின் இலக்கணம் இதனினும் தெளிவாக விளங்குவது பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில். சுந்தரரின் மணப்பந்தரில் முதிய வேதியராக வந்த சிவபெருமான், மணமகன் தனக்கு வழிவழி அடிமை என்று சாட்டுகிறார். வந்தவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார்முன் செல்கிறது. அவையோர் சாட்டை உடனே ஏற்கவுமில்லை. கிழவர் பித்தர் எனத் தள்ளவுமில்லை. நெடுநாள் நடைமுறை, எழுதிய ஆவணம், கண்டோர் கூற்று என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். கிழிந்தது படியோலை, மூலவோலை தன்னிடம் உள்ளது என்கிறார் முதியவர். அதிலுள்ள கையெழுத்து, சுந்தரரின் பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட பின்னரே தீர்ப்பு வழங்கப்படுகிறது. சாட்டுதல், மறுத்தல், மெய்ப்பிக்கும் கடமை சாட்டியவர் மேலதாதல், நகலுக்கும் மூலத்துக்கும் வேறுபாடு, கையெழுத்து ஒப்பீடு என இன்றைய சாட்சியச் சட்டம் பேசும் கூறுகள் பலவும் அங்கு நிரலே அமைந்துள்ளன.

இப்பெருநூலுக்கு விரிவான உரை வரைந்த சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961) கோவையில் தொழில் நடத்திய வழக்கறிஞர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பகலில் பிராதும் எதிருரையும் படித்த கண்கள் வெண்ணெய்நல்லூர் வழக்கைப் படித்தன. சுந்தரர் வரலாற்றிலும் கொங்குக்குத் தனியிடம் உண்டு. திருமுருகன்பூண்டியில் வேடுவர் வடிவில் வந்த பூதகணங்களால் பொருள் பறிக்கப்பட்ட அவர், கோயிலினுள் உறையும் இறைவனையே கேள்வி கேட்டுப் பாடினார். அவிநாசியில் முதலையுண்ட சிறுவனை மீட்டுத் தருமாறு வேண்டினார். முன்னது சாட்டு, பின்னது ஓலம். இவ்விரு தலங்களும் ஒன்றுக்கொன்று சில கல் தொலைவிலேயே உள்ளன.

நீதிமன்றத் தமிழில் சாட்டு

மாயூரம் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை உயர் மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் வெளியிட்டார். தமிழர் வழக்குகள் தமிழில் நடைபெறவேண்டும் என்பதைத் தம் புதினத்திலும் வலியுறுத்தினார். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் 1976-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் வகுத்தன. சொல் இல்லை என்னும் குறை இன்று பெரிதன்று. இருக்கும் சொற்களின் எல்லைகள் காக்கப்படுவதில்லை என்பதே குறை.

குற்றவியல் நடைமுறையில் முதலில் எழுவது புகார். அதன்மேல் முதல் தகவல் அறிக்கை பதியப்படுகிறது. புலனாய்வுக்குப் பின் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது. அதன் பின்னர் நீதிமன்றம் ஆவணங்களை ஆராய்ந்து, முகாந்திரம் இருப்பின் குற்றச்சாட்டை வனைகிறது. 'குற்றச்சாட்டு வனைதல்' என்னும் தொடர் சட்டத்தமிழின் அரிய ஆக்கங்களுள் ஒன்று. குயவர் சக்கரத்தில் மண்ணை வனைவதுபோல், உருவற்றுக் கிடந்த புகாருக்கு நாள், இடம், சட்டப்பிரிவு என்னும் வடிவத்தை நீதிபதி தருகிறார். ஓலம் சுமையாக மாறும் கணம் இதுவே. நாளிதழ்களோ முதல்நாள் புகாரையே 'குற்றச்சாட்டு' என்றும், கைதானவரை அன்றே 'குற்றவாளி' என்றும் எழுதிவிடுகின்றன. நீதிமன்ற ஏடுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என வழங்கும் மரபும் நெடுங்காலமாக உள்ளது. வழக்கின் எதிர்த்தரப்பு என்னும் பொருளில் தோன்றிய அச்சொல் பொதுமக்கள் செவியில் பகைவன் என்றே ஒலிக்கும்.

'குற்றச்சாட்டு' என்னும் தொகைச்சொல்லின் அமைப்பிலேயே ஓர் இடர் உண்டு. குற்றம் முன்னே நிற்கிறது. சாட்டு பின்னே நிற்கிறது. கேட்போர் முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை விட்டுவிடுகின்றனர். ஆங்கிலத்தின் சார்ஜ், சர்மைஸ் ஆகியவற்றில் குற்றம் என்னும் சொல்லே கிடையாது. ஏற்றுதல் மட்டுமே உண்டு. புகாரில் உள்ள, இன்னும் ஆராயப்படாத கூற்றுகளைச் 'சாட்டுரை' என்று வழங்கி, நீதிமன்றம் வனைந்த பின்னரே 'குற்றச்சாட்டு' என்று எழுதினால் இந்த இடர் பெரிதும் குறையும். சாட்டும் ஊகமும் ஒன்றல்ல என்பதும் பேணப்படவேண்டும். சாட்டியவர் அதனை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர். ஊகித்தவருக்கு அக்கடமை இல்லை. அந்தக் கடமை உதிர்ந்தபோதுதான் சர்மைஸ் ஊகமாகத் தேய்ந்தது.

சுமை இறங்கும் இடத்திலும் சொற்கள் இரண்டு உள்ளன. குற்றச்சாட்டு வனைவதற்குப் போதிய அடிப்படை இல்லையெனக் கண்டு நீதிமன்றம் ஒருவரை அனுப்புவது 'டிஸ்சார்ஜ்'. ஏற்றிய பாரத்தை இறக்குதல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். சட்டத்தமிழ் இதனை 'விடுவிப்பு' என்கிறது. முழு விசாரணைக்குப் பின் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பது 'விடுதலை'. செய்தித்தாள்களில் இரண்டுமே விடுதலையாகிவிடுகின்றன. முன்னதில் அவர்மேல் சாட்டு வனையப்படவே இல்லை என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது. சாட்டாத ஊரில் கம்பம் பிடுங்கியாயிற்று என எவரும் சொல்வதில்லை.